நம் நகரிலே ஒரு சுற்றுவழி

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். குறை மல்லிகையில் இல்லை. நாள்தோறும் அதனருகே நடந்துபோகும் மனிதரின் மூக்கிலேதான் இருக்கிறது. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை சென்றுவந்தோரும், இலண்டனையும் சிங்கப்பூரையும் சுற்றிப் பார்த்தோரும் நம்மிடையே பலர் உளர். ஆனால் தாம் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நகரிலே, தம் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர்களுட் பெரும்பாலோர் விடை சொல்ல மாட்டாது விழிப்பர். நேயர்களே, இன்று நான் பேசப்போவது அத்தகையோரைப் பற்றியே. அவர்களுள் நானும் ஒருவன் ஆதலால், என்னைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

ஓரிடத்தை நோக்கிப் புறப்பட்ட ஒருவர், நேரான பாதையை விட்டு விலகி, முன்னரே எண்ணியிராத வேறொரு பாதையாற் செல்வதையே சுற்றுவழி என்கிறோம். அது சில வேளைகளில் நம்மீது சுமத்தப்படும்: பாதை மூடப்பட்டிருக்கும், பஸ் வண்டி வேறு தெருவாலே திருப்பி விடப்படும். சில வேளைகளில் நாமே அதை விரும்பி ஏற்கலாம். நம்மவர் வாய்ச்சொல்லில் இதற்கு நல்ல பெயர் இல்லை. "ஊர்சுற்றி" என்பது வசைச் சொல். "சுற்றிவளைத்துப் பேசுகிறான்" என்பதும் பாராட்டன்று. ஆயினும் கோயிலுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கோபுர வாசலால் நுழைந்து நேரே மூலத்தானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. வீதியைச் சுற்றி வருகிறோம். அதற்கு வலம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். தேரும் நேரே ஓடுவதில்லை. நான்கு வீதியையும் சுற்றியே இருப்புக்கு வருகிறது. சுற்றி வருவதன் அருமையைக் கோயிலிலே உணர்ந்திருக்கும் நாம், ஊரிலே அதை மறந்துபோனோம்.

நான் வடபகுதியிலிருந்து 1979ஆம் ஆண்டு ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாகக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் அறை, கோட்டையில் வேலை. காலையில் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் ஏறுவேன். இடப்புறம் கடல். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, பின்னர் கொம்பனித்தெரு, அதன்பின் கோட்டை. மாலையில் அதே வழி, கடல் வலப்புறம். 2017ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை, இடையிலே சில மாதங்கள் நீங்கலாக, முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த ஒரு கோட்டிலேயே சென்று வந்தேன். கொழும்பு மாநகரசபையின் எல்லைக்குட்பட்ட நிலம் ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர் மட்டுமே. நல்ல நடைகாரர் ஒருவர் ஒரே நாளில் வடக்கிலிருந்து தெற்குவரை அதை நடந்து கடந்துவிடலாம். அவ்வளவு சிறிய நகரிலே நான் அறிந்தது ஒரு நூலிழை அளவே.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. 1983ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டு வரை, தலைநகரில் வாழ்ந்த தமிழர் எவரும் தேவையில்லாத தெருவில் நிற்கத் துணியவில்லை. சோதனைச் சாவடியிலே, "இங்கே உனக்கென்ன வேலை?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை வேண்டும். "சும்மா பார்க்க வந்தேன்" என்பது அக்காலத்தில் ஒரு விடையாகாது. "நேரே கந்தோருக்குப் போ, நேரே அறைக்கு வா" என்று என் தாயார் ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் எழுதுவார். அப்படியே பழகிய கால்கள், அச்சம் நீங்கிய பின்னரும் அப்படியே நடந்தன. நோக்கமின்றி ஒரு தெருவில் நடப்பது ஒரு சுதந்திரம் என்பதை, அதை இழந்திருந்தோரே நன்கு அறிவர்.

என் முதற் சுற்றுவழி தற்செயலாக வாய்த்தது. ஓய்வு பெற்ற அடுத்த மாதம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குச் செல்ல எண்ணிக் கோட்டையில் ஏறிய பஸ் வண்டி, ஏதோ பாதை வேலை காரணமாகப் புறக்கோட்டையிலேயே நின்றுவிட்டது. "எல்லாரும் இறங்குங்கள்" என்றார் நடத்துனர். உச்சிவேளைப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடந்தே போகலாம் என்று இறங்கினேன்.

புறக்கோட்டை என்னும் பெயரே ஒரு வரலாறு. கோட்டைக்குப் புறத்தே இருப்பது புறக்கோட்டை. சிங்களப் பெயருக்கும் அதுவே பொருள். ஆங்கிலேயர் அதைப் "பெட்டா" என்றனர். அது கோட்டைக்கு வெளியேயுள்ள சந்தையூரைக் குறிக்கும் நம் "பேட்டை" என்ற சொல்லின் திரிபேயாகும். 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நகரின் மேற்குப் பகுதியை மட்டும் அரண் செய்து தம் கோட்டையாக்கினர். கிழக்குப் பகுதியைக் குடிமக்கள் வாழும் ஊராக நேர்நேரான தெருக்களாற் பகுத்தனர். அந்தக் கட்டமைப்பே இன்றும் நிலைக்கிறது. பிரதான வீதியும் அதற்கு ஒருபோகான தெருக்களும் கிழக்கு நோக்கிச் செல்ல, முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரையுள்ளவை அவற்றை வெட்டிச் செல்கின்றன. கோட்டை மதில்கள் 1870ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டன. மதில் போய்விட்டது, உள்ளும் புறமும் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

சுற்றுவழி செல்ல விரும்பும் புதியவருக்குப் புறக்கோட்டை மிக ஏற்ற இடம் என்பேன். காரணம் இதுதான்: சதுரக் கட்டமாக அமைந்த தெருக்களிலே எவரும் முற்றாக வழிதவற முடியாது. எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும், அடுத்த பெருந்தெரு உங்களைப் பழைய திசைக்கே கொண்டுவந்து சேர்க்கும். மேலும், தெருவுக்கொரு தொழில் அமைந்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே நிற்கிறோம் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மூக்கைத் துளைக்கும். நாட்டாமைகள் முதுகிலே மூடையுடன் "வழி, வழி" என்று கூவிக்கொண்டு ஓடுவர். காபோஸ் ஒழுங்கையிலே ஆயுள்வேத மருந்துச் சரக்குகளின் வேர் மணம். செட்டியார் தெருவில் பொன்னகைக் கடைகள். டாம் வீதியிலே துவிச்சக்கரவண்டிகள். பழைய சோனகத் தெருவில் இரும்பின் ஓசை.

அன்று நான் பிரதான வீதியின் நெரிசலுக்கு அஞ்சி இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒதுங்கினேன். அங்கே செந்நிறமும் வெண்ணிறமும் கோடு கோடாகச் சேர்ந்த பெரும் பள்ளிவாசல் ஒன்று நின்றது. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறிய முசுலிம் மக்கள் 1908ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய கட்டடம் அது. சம்மாங்கோட்டார் பள்ளிவாசல் என்பது அதன் வழக்குப் பெயர். கந்தோர் யன்னலிலிருந்து அதன் கூம்புகளைத் தொலைவிலே கண்டிருக்கிறேன். அதன் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மேலும் கிழக்கே சென்றபோது, 1873ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய நகர மண்டபமும், அதற்கு அண்மையில் வானம் பார்த்த மணிக்கூண்டு ஒன்றும் எதிர்ப்பட்டன. அம்மணிக்கூண்டு நிற்குமிடம் ஒல்லாந்தர் காலத்து நகர வாசல்களுள் ஒன்று. கேமன் வாசல் என்று அதற்குப் பெயர். கேமன் என்பது முதலையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலைகளில் அக்காலத்தில் முதலைகள் இருந்தன. இன்று அவ்விடத்திலே செருப்புக் கடைகளும் பழக்கடைகளும் இருக்கின்றன. முதலைகள் வாழ்ந்த நீரில் ஒரு துளியும் இல்லை. கோட்டே நகரில் இருந்த போர்த்துக்கீசர் தேவாலயம் ஒன்றின் மணியே அக்கூண்டில் தொங்குகிறது என்பர்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஊல்பெண்டால் தேவாலயம். 1749ஆம் ஆண்டு அடித்தளமிட்டு 1757ஆம் ஆண்டு வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தக் கோயில். ஊல்பெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். நம் நாட்டிலோ ஓநாய் இல்லை. நரியைக் கண்டுதான் அவர்கள் அப்பெயர் வைத்திருத்தல் வேண்டும் என்று கூறுவோர் உண்டு. கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்கள் 1813ஆம் ஆண்டு இங்கே கொண்டுவரப்பட்டன. தடித்த சுவர்களின் உள்ளே குளிர்ந்த இருளும், தரையிலே எழுத்து வெட்டிய கற்களும். ஒரு நாட்டை ஆண்டவர்களின் மேல் நான் செருப்பைக் கழற்றி நின்றேன்.

இவ்வாறெல்லாம் நின்று நின்று, ஒருவாறு கொச்சிக்கடையை அடைந்தபோது உச்சிவேளைப் பூசை முடிந்து கதவு சாத்தியிருந்தது. வருந்தினேனா என்றால், இல்லை. வெளியே நின்று அந்தக் கருங்கல் மதிலை முதன்முறையாக ஆறுதலாகப் பார்த்தேன். 1856ஆம் ஆண்டு பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு முதல் 1912ஆம் ஆண்டு வரை முழுவதும் கருங்கல்லாலே திருப்பிக் கட்டினார். பூசைக்கு நேரத்துக்கு வந்திருந்த நாள்களிலெல்லாம் கூட்டத்தோடு உள்ளே ஓடினேனேயன்றி, ஒரு கல்லையும் பார்த்தேனல்லேன்.

நேயர்களே, சுற்றுவழியின் முதற்பயன் இதிலிருந்து தெளிவாகும். நாம் ஓரிடத்தை நோக்கி விரையும்போது, நமக்கும் அவ்விடத்துக்கும் நடுவில் உள்ள யாவும் தடைகளாகவே தோன்றும். போகும் அவசரம் நீங்கியவுடன், அதே தடைகள் காட்சிகளாகிவிடுகின்றன. இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசி, எந்த இடத்துக்கும் மிகக் குறுகிய வழியை ஒரு நொடியிற் காட்டிவிடுகிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது அது பேருதவி. ஆனால் அக்கருவி அறிந்த கணக்கு நேரக் கணக்கு ஒன்றே. எந்தத் தெருவிலே மர நிழல் உண்டு, எந்தத் திண்ணையிலே பேச ஆள் உண்டு என்பதை அது பொருட்படுத்துவதில்லை.

இரண்டாவது பயன் பெயர்களைக் கற்றல். கொழும்பின் தெருப்பலகைகளிலே மூன்று மொழிகள் உள. மூன்றும் ஒரே பெயரையே சொல்லுகின்றன என்று எண்ணுவது தவறு. ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்பது, 1656ஆம் ஆண்டு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்ட் என்பவரின் பெயர். தமிழிலே அதே இடம் புதுக்கடை. ஆண்டவர் தம் தளபதியை நினைத்தனர். வாழ்ந்தவர் தம் கடையை நினைத்தனர். களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். பெயரே நில நூல் கற்பிக்கிறது. கறுவாத்தோட்டத்திலே இன்று கறுவா இல்லை. மாளிகைகளும் தூதரகங்களும் இருக்கின்றன. புளூமெண்டால் என்றால் பூக்களின் பள்ளத்தாக்கு. அங்கேதான் நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாக மலையாகக் குவிந்தது. பெயருக்கும் இடத்துக்கும் இடையேயுள்ள இவ்வேற்றுமையை நேரிற் சென்று காண்பவரே அந்நகரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை உணர்வர். இவ்வளவு தொலைவும் போகவேண்டாம். நம் வீட்டுக்குள்ளேயே மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து என்பன போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொற்கள். நான் நாள்தோறும் சென்றுவந்த கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது.

மூன்றாவது பயனைச் சொல்வது எனக்குச் சிறிது கடினம். ஆயினும் சொல்லாவிடின் இப்பேச்சு நிறைவுறாது.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆம் திகதி, திங்கட்கிழமை. கோட்டையில் கடைகள் எரியத் தொடங்கிய வேளை, என்னோடு பணி செய்த சிங்கள நண்பர் ஒருவர் என் மேசையருகே வந்தார். "மல்லி, என் பின்னாலேயே வா, எவரோடும் பேசாதே" என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். பெருந்தெருவைத் தவிர்த்து, கிளைத்தெருக்களாலும் ஒழுங்கைகளாலும் அவர் முன்னே நடந்தார். நான் அவருடைய குதிகாலைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கொம்பனித்தெருவில் ஒரு மலாயர் வீட்டிலே என்னை விட்டுச் சென்றார். அவ்வீட்டு அம்மையார் எனக்கு முதலில் தண்ணீரும் பின்னர் சோறும் தந்தார். இரண்டு இரவுகள் அங்கே தங்கினேன். பின்னர் அகதிமுகாமும், அதன் பின்னர் ஊரும். சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அன்று ஒரு சுற்றுவழியே என் உயிரைக் காத்தது.

அதன்பின் முப்பத்துநான்கு ஆண்டுகள் நாள்தோறும் இருமுறை என் புகையிரதம் கொம்பனித்தெரு நிலையத்தில் நின்றது. ஒருமுறையேனும் நான் இறங்கவில்லை. முதலிலே அச்சம், பின்னர் வெட்கம். இத்தனை நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்ற வெட்கம். நேரான பாதையிற் செல்வோனுக்கு இது ஒரு வசதி: இறங்காமல் இருப்பதற்கு அவனிடம் எப்பொழுதும் ஒரு காரணம் இருக்கும்.

புறக்கோட்டையில் வழிமாறிய அந்த நாளின் பின், ஒரு சனிக்கிழமை இறங்கினேன். கொம்பனித்தெருவை ஆங்கிலத்திலே அடிமைத்தீவு என்று பொருள்படும் பெயராலே வழங்கினர். நீர் சூழ்ந்த அத்திடலிலே ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தனர். பின்னர் மலாயப் படைவீரரும் அவர்தம் குடும்பத்தாரும் அப்பகுதியிலே வாழ்ந்தனர். மலே வீதி, யாவா ஒழுங்கை முதலிய பெயர்கள் அதற்குச் சான்று. 1786ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட வேகந்தைப் பள்ளிவாசலும் அங்கே உண்டு. இத்தனையும் அன்று எனக்குத் தெரியாது. பள்ளிவாசலின் சுவர் ஒன்றே எனக்கு நினைவிருந்தது. அதைக் கொண்டு ஒழுங்கையைக் கண்டுபிடித்தேன். ஒழுங்கையின் பாதிவரை வீடுகள் இருந்தன. அதற்கப்பால் உயரமான தகரவேலி. வேலிக்குள் அடுக்குமாடிக் கட்டட வேலை.

மூலையில் தேநீர்க்கடை வைத்திருந்த பெரியவர், நான் நெடுநேரம் நிற்பதைக் கண்டு, "யாரைத் தேடுறீங்க, ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். "அவங்கட வீடெல்லாம் எப்பவோ உடைச்சாச்சு. முகத்துவாரத்துப் பக்கம் மாடி வீடு குடுத்தாங்க எண்டு கேள்வி. உம்மா உயிரோட இருக்கிறாங்களோ தெரியாது" என்றார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆதலின் மூன்றாவது பயன், அல்லது எச்சரிக்கை என்றே சொல்லலாம், இதுதான்: நகரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. 1899ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகள் 1960ஆம் ஆண்டு நின்றுபோயின. அவற்றில் ஏறியவர்கள் இன்று மிகச் சிலர். காலிமுகத்திடலை நோக்குங்கள். சேர் ஹென்றி வாட் தேசாதிபதி 1856ஆம் ஆண்டு தொடங்கி 1859ஆம் ஆண்டு நிறைவுற்ற அந்த நடைபாதையிலிருந்து பார்த்தால் வடக்கே திறந்த கடல் தெரிந்த காலம் ஒன்றுண்டு. இன்று அங்கே கடலை நிரப்பி எழுந்த 269 எக்டேயர் புதுநிலம் கிடக்கிறது. அது நன்றோ தீதோ என்பது வேறு பேச்சு. நேற்றுப் பார்த்திருக்க வேண்டியதை நாளை பார்க்க இயலாது என்பது மட்டும் உறுதி.

இனி, சுற்றுவழி செல்ல விரும்புவோர்க்கு அனுபவத்தால் அறிந்த சில முறைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, நோக்கமே இல்லாமற் புறப்படவேண்டாம். ஒரு கோயிலையோ ஒரு கடையையோ குறியாகக் கொள்ளுங்கள். விலகிச் செல்வதற்கு ஒரு பாதை முதலில் இருத்தல் வேண்டும். ஆனால் வேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கவேண்டிய பஸ் தரிப்புக்கு ஒரு தரிப்பு முன்னதாக இறங்குவதே மிக எளிய தொடக்கம். வெயிலேறுமுன் காலையும், வெயில் தாழ்ந்த மாலையும் உகந்த வேளைகள்.

இரண்டாவதாக, திசையை மறவாதிருங்கள். கொழும்பிலே கடல் என்றும் மேற்கு. பிற்பகற் சூரியன் உங்களுக்கு அதைக் காட்டும். இப்பொழுது 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரமும் நகரின் பல மூலைகளிலிருந்து தெரிகிறது. இவ்விரண்டையும் கொண்டு எவரும் வீடு திரும்பிவிடலாம்.

மூன்றாவதாக, தலைநிமிர்ந்து பாருங்கள். கடைகளின் கீழ்த்தளம் ஆண்டுதோறும் மாறும், மேல்தளம் மாறுவதில்லை. பழைய கட்டடங்களின் முகப்பிலே கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் சுண்ணத்தாற் பொறிக்கப்பட்டிருக்கும். புறக்கோட்டையிலே கான் மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியிலே ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பஸ் வண்டிக்கு ஓடுகின்றனர். பார்சி இனத்தவராகிய மைந்தர் இருவர் தம் தந்தையின் நினைவாக 1923ஆம் ஆண்டு அதை எழுப்பினர் என்பதை, அங்கேயே பொறித்திருக்கும் எழுத்தை நின்று படித்தவரே அறிவர்.

நான்காவதாக, வழி கேளுங்கள். தெரிந்த வழியாயினும் கேளுங்கள். இயன்றவரை மற்றவரின் மொழியிலே கேளுங்கள். பிழைபடப் பேசினாற் குற்றமில்லை. வழி சொல்லும் மனிதர் கையை நீட்டியதோடு நிற்பதில்லை, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று தாமும் ஒன்று கேட்பார். அவ்வினாவுக்கு அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. இன்று அது நட்பின் தொடக்கமாகவும் அமையலாம்.

ஐந்தாவதாக, விருந்தினர் போல ஒழுகுங்கள். பிறருடைய தெரு உங்களுக்குக் காட்சிச்சாலையன்று. திறந்த கதவினூடே எட்டிப் பார்ப்பதும், கேளாமற் படம் பிடிப்பதும் தகாது. வழிபாட்டிடங்களில் அவ்விடத்து முறைப்படி நில்லுங்கள். ஒரு தெருவில் உங்கள் வரவை விரும்பவில்லை எனத் தோன்றினால், அமைதியாக விலகிவிடுங்கள். தனியே செல்லும் பெண்களுக்கும் முதியோருக்கும் எல்லாத் தெருவும் எல்லா வேளையும் ஒன்றல்ல என்பதையும் நான் மறக்கவில்லை. ஒரு துணையோடு, பகலிலே செல்வது அறிவுடைமை.

மழை வந்தாலும் கவலை வேண்டாம். அவ்வாறு மழைக்கு ஒதுங்கியே ஒருநாள் கறுவாத்தோட்டத்திலே நூதனசாலைக்குள் நுழைந்தேன். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடத்திலே மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறித்துக் கொண்டுவந்த கல் அது. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீக மொழியிலே இசுலாமிய நெறிக்கும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. 1911ஆம் ஆண்டு காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையிலேதான் அது கண்டெடுக்கப்பட்டது. எத்தனை பேர் அதன்மேல் நடந்து போயிருப்பர்! தம் தமிழின் மேல் தாமே நடந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். எவரோ ஒருவர் குனிந்து பார்த்ததால், இன்று அதை நாம் வாசிக்கிறோம்.

கொம்பனித்தெருத் தேநீர்க்கடைப் பெரியவர் சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்டு, இப்பொழுது நான் சனிக்கிழமைதோறும் வடகொழும்புக்குப் போகிறேன். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் உள்ள மாடி வீடுகளிலே விசாரிக்கிறேன். அந்த அம்மையாரையோ அவர் மக்களையோ இன்னும் காணவில்லை. ஆனால் அவர்களைத் தேடிப் போனதாலேதான் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தைக் கண்டேன். நாற்பது ஆண்டுக் கொழும்பு வாழ்வில் அதுவே முதன்முறை. மாலை வெயிலிலே ஆற்றின் மண்நிற நீரும் கடலின் நீலமும் நெடுந்தூரம் கலவாமலே அருகருகே செல்கின்றன. மீன்படகுகள் இரண்டையும் கடந்து கரைக்கு வருகின்றன. அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

நேயர்களே, நாளை உங்கள் வழியில் பாதை மூடியிருந்தால் சினங்கொள்ளாதீர்கள். பாதை திறந்தே இருந்தாலும், நெடுநாளாக நீங்கள் இறங்காத ஒரு தரிப்பு உங்கள் வழியிலும் இருக்கக்கூடும். அங்கே ஒருநாள் இறங்கிப் பாருங்கள்.